பெஞ்சில் தட்டிப் பார்க்கும் பக்கம்

அந்தப் பத்திரிகை வேலை என்னிடம் வந்தபோது என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் ஒன்பது வருடமாகப் பக்கம் வடிவமைக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து அழைப்பிதழ், நகைக்கடை நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர் என்று எல்லாம் என் கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். ஒரு நாள் காலையில் முதலாளி என் மேசைக்கு வந்து நின்றார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்.

“பிள்ளைங்களுக்கு ஒரு மியூசிக் பத்திரிகை ஆரம்பிக்கிறாங்கம்மா. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணு. நீ பாக்குறியா, இல்ல வெளிய குடுத்துரவா?”

“நானே பாக்குறேண்ணே.”

அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றார். வேறு ஏதோ கேட்க நினைத்திருப்பார். கேட்காமல் போய்விட்டார். அந்த நான்கு மாதமும் யார் யாரோ என் மேசைக்கு முன்னால் அப்படி நின்றுவிட்டுப் போனார்கள்.

என் கணவர் ஏழு வருடம் வளைகுடாவில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார். அங்கேயே மாரடைப்பு வந்து இறந்துபோனார். உடல் ஊர் வந்து சேரப் பதினெட்டு நாள் ஆனது. தெருமுனையில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரை நான்தான் செய்தேன். அண்ணன் வேண்டாம் என்றுதான் சொன்னார். “விடும்மா, அத வேற ஆள வெச்சுப் பண்ணிக்கிறேன்.” நான் கேட்கவில்லை. எங்கள் கல்யாண ஆல்பத்திலிருந்து அவர் முகத்தை மட்டும் தனியாக எடுத்தேன். தலைமுடியின் ஓரம் பிசிறடித்தது. அதைச் சரிசெய்ய ரொம்ப நேரம் ஆனது. மாலையில் ஒரு கல்யாணப் பத்திரிகைக்குத் திருத்தம் வந்தது, அதையும் முடித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் நானும் என் மாமியாரும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவர் இல்லாத வீடு எங்கள் இருவருக்குமே ஏழு வருடமாகப் பழகிய வீடு. கட்டிலில் அவர் பக்கம் எப்போதும் காலிதான். அலமாரியில் அவர் சட்டைகள் எப்போதும் மடித்தபடிதான். சாயங்காலம் ஏழரை மணிக்கு வரும் வீடியோ கால் மட்டும் வரவில்லை. துக்கத்தை எந்த இடத்திலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் வேறு யாருடைய உதட்டையோ தொடுவது போல இருக்குமே, உடம்பு முழுவதும் அப்படி இருந்தது. பஸ்ஸில் பாட்டு ஓடினால் ஓடுகிறது என்று தெரியும். மின்விசிறி ஓடுவது தெரிவதுபோல. என்ன பாட்டு என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

இந்த நிலையில்தான் இசைப் பத்திரிகை.

அதன் ஆசிரியர் என் வயதுக்காரி. வயலின் டீச்சர். தஞ்சாவூரில் சொந்தமாக வகுப்பு நடத்துகிறார், சனிக்கிழமைகளில் திருவிடைமருதூர் பக்கம் ஒரு கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறார். துணிப்பை நிறையக் கட்டுரைகளோடு வந்தார். நாகஸ்வரச் சீவாளியில் ஊதும்போது உள்ளே என்ன நடக்கிறது, பறையை ஏன் தீயில் காட்டுகிறார்கள், ஒரு சினிமாப் பாட்டுக்குள் எத்தனை வாத்தியம் ஒளிந்திருக்கிறது, ஒரு க்விஸ், ஒரு படக்கதை. எல்லாம் பத்து வயதிலிருந்து பதினைந்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு.

“ஒரு பிள்ள கையில எடுத்தா கீழ வைக்கக் கூடாது மேடம். அதுதான் எனக்கு வேணும்,” என்றார்.

முப்பத்திரண்டு பக்கம். எழுத்து தேர்ந்தெடுத்தேன். ஓரத்தில் எவ்வளவு இடம், தலைப்பு எவ்வளவு பெரியது, படம் எங்கே என்றெல்லாம் தப்பில்லாமல் செய்தேன். டீச்சர் வாரம் இரண்டு முறை வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்.

“நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் டல்லா இருக்கோ?”

நான் நீலத்தைப் பச்சை ஆக்குவேன். “இப்ப?”

“ம்... இப்பவும் என்னமோ.”

மறுபடி நீலம் ஆக்குவேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தன. என் வீட்டு விஷயம் அவருக்குத் தெரியாது. அண்ணன் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

தை மாதக் கடைசியில் மாதிரி இதழ் தயாரானது. பத்துப் பிரதி எடுத்தோம். “அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி பிள்ளைங்ககிட்ட காட்டிருவோம். நீங்களும் வாங்களேன்,” என்று டீச்சர் கூப்பிட்டார். சனிக்கிழமை கும்பகோணம் போய் அங்கிருந்து டவுன் பஸ் பிடித்தோம். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுவடை மெஷின் ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனதால் பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. ஜன்னல் வழியாக வைக்கோல் தூசி வந்து மாதிரிப் பிரதிகள் மேல் படிந்தது. டீச்சர் கைக்குட்டையால் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

எட்டாம் வகுப்பில் இருபதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தார்கள். பெஞ்சுக்கு ஒரு பிரதி கொடுத்தோம். மரியாதையாகப் புரட்டினார்கள். யாரும் எதையும் படிக்க நிற்கவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் மூடி, கையை அதன் மேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்கள். முன் பெஞ்சில் இருந்த ஒரு பெண் மட்டும் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, புடிச்சிருக்கா?” என்று டீச்சர் கேட்டார்.

“மிஸ், தப்பா நெனச்சுக்காதீங்க மிஸ்.”

“சொல்லு, சும்மா சொல்லு.”

“இது கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரியே இருக்கு மிஸ்.”

வகுப்பே சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, “ஆமா மிஸ், எங்க பெரியப்பாவுக்கு இப்புடித்தான் போட்டிருந்தாங்க,” என்றாள். இன்னொரு பையன் அட்டையில் இருந்த நாகஸ்வரக் கலைஞரைக் காட்டி, நிஜமான அக்கறையோடு, “இந்த அக்கா செத்துட்டாங்களா மிஸ்?” என்று கேட்டான்.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. “ஏய், அவங்க போன வாரம்தான்டா கச்சேரி பண்ணாங்க!”

நான் ஒரு பிரதியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது சரி. முட்டை வடிவத்துக்குள் முகம். ஓரம் புகைபோலக் கரைந்திருந்தது. கீழே வெள்ளை எழுத்தில் பெயர். இரண்டு பக்கமும் பூ. ஆறு மாதத்துக்கு முன் நான் செய்த பேனரும் இதுதான். நிறம்கூட மாறவில்லை. நான் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக அதே வழியில் போயிருக்கிறது, நான் கூடவே போயிருக்கிறேன். உள்ளே ஏதாவது நடக்கும் என்று எதிர்பார்த்தேன். காது மட்டும் சுட்டது.

“ஆமா,” என்றேன். “அப்படித்தான் இருக்கு. வேற எப்புடி இருந்தா நீங்க எடுப்பீங்க?”

முதலில் தயங்கினார்கள். பிறகு ஆளாளுக்குக் கத்தினார்கள். எழுத்து பொடிசாக இருக்கிறது. மஞ்சள் வேண்டும். க்விஸ் விடையைத் தலைகீழாகப் போட வேண்டும், பக்கத்திலேயே போட்டால் அப்புறம் எதற்குக் கேள்வி? எங்கள் ஊர் பேண்டு செட் போட்டோ வேண்டும். முன் பெஞ்சுப் பெண் சொன்னாள்: “படிக்கிறதாவே இருக்கு மிஸ். செய்றதுக்கு ஒண்ணும் இல்ல.”

“என்ன செய்வ?”

அவள் பெஞ்சில் தட்டிக் காட்டினாள். உள்ளங்கையால் ஒன்று, விரலால் இரண்டு. பக்கத்தில் இருந்தவளும் சேர்ந்துகொண்டாள். நான் சாக்பீஸ் எடுத்துப் பலகையில் ஒரு பெரிய வட்டம், இரண்டு சின்ன வட்டம் போட்டேன். பெரியது உள்ளங்கை, சின்னது விரல். பிறகு வேறு மாதிரி மாற்றிப் போட்டேன். வகுப்பு முழுவதும் அதைப் பார்த்துத் தட்டியது. தலைமையாசிரியர் வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். எனக்கு அது வெறும் சத்தமாகத்தான் கேட்டது. ஆனால் இது ஒரு பக்கம் ஆகும் என்பது மட்டும் தெரிந்தது.

திரும்பும்போது கும்பகோணத்தில் பஸ் கிளம்பக் காத்திருந்தோம். டீச்சர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தார். “பிள்ளைங்க பட்டுனு சொல்லிருச்சுங்க. மனசுல வெச்சுக்காதீங்க மேடம்.”

“அதுங்க சொன்னது சரிதான் டீச்சர். ஆடி மாசம் எங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரு. பேனர் நான்தான் பண்ணேன். அதே டிசைன்தான் இது. எனக்கே தெரியாம வந்திருக்கு.”

அவர் கடலைப் பொட்டலத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பஸ் கிளம்பிப் பாபநாசம் தாண்டியது. அப்புறம், “நான் வேற வாராவாரம் வந்து டல்லா இருக்கு டல்லா இருக்குன்னு...” என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

“டல்லாத்தான இருந்துச்சு,” என்றேன்.

அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. ஒரு வாரம் தள்ளி அச்சடிக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

அட்டையைத் தூக்கிப் போட்டேன். உள்பக்கங்களில் பாதியைத் தூக்கிப் போட்டேன். தட்டிப் பார்க்கும் பக்கத்துக்கு டீச்சர் எட்டுத் தாள வரிசை எழுதிக் கொடுத்தார். நான் அவற்றை வட்டங்களாக்க வேண்டும். கடைசி வரிசையை மட்டும் எங்கே உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோவது என்று தெரியவில்லை. பிரிண்ட் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் வைத்து நானே தட்டிப் பார்த்தேன். மாமியார் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான்கைந்து தடவை ஆனதும் தலை நிமிராமல் சொன்னார்:

“அந்த எடத்துல ஒண்ணு கொறையுதே.”

“எங்க அத்தே?”

“மறுபடி தட்டு... இந்தா, இப்ப. தடுக்கி விழுற மாதிரி இருக்கு பாரு.”

தாளைப் பார்த்தேன். ஒரு சின்ன வட்டத்தை விட்டிருந்தேன். பேனாவால் போட்டு மறுபடி தட்டினேன். சரியாக வந்தது. மாமியார் கீரைத் தண்டால் தட்டின் விளிம்பில் கூடவே தட்டினார். பிறகு நிறுத்திவிட்டு, “அவனுக்குத் தாளமே வராது,” என்றார்.

என் கணவரைப் பற்றி அந்த வீட்டில் நாங்கள் இருவரும் பேசி மாதக்கணக்காகியிருந்தது.

“பஜனையில எல்லாரும் ஒண்ணாக் கை தட்டுனா இவன் மட்டும் தனியாத் தட்டுவான். அடுத்த தெருவரைக்கும் கேக்கும்.”

“ஆமா அத்தே. ஃபோன்ல பொறந்த நாள் பாட்டு பாடும்போதும் அப்படித்தான் தட்டுவாரு.”

அத்தை சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. மிச்சக் கீரையை வாங்கி ஆய்ந்தேன்.

மாசியில் அச்சுக்குப் போனது. முதல் தாள்கள் வந்ததும் மெஷின் அருகே போய் நின்றேன். அட்டை முழுக்க மஞ்சள், அதில் பெரிதும் சிறிதுமாகச் சிவப்பு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் நகக்கீற்றுபோல வெள்ளை தெரிந்தது. ஒரு நிறம் இன்னொன்றின் மேல் சரியாக உட்காரவில்லை.

“நகந்திருக்குண்ணே,” என்றேன்.

மெஷின் ஓட்டுபவர் பல வருடம் பழகியவர். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “தலமுடி அளவுதாம்மா. சின்னப் பசங்க பாக்கப் போறாங்களா இத?”

எனக்குக் கோபம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. “அவங்கதாண்ணே பாப்பாங்க! அவங்களுக்குத்தாண்ணே கண்ணு இருக்கு! நிறுத்துங்க மொதல்ல! நான் சொல்றேன்ல, நிறுத்துங்க!” குரல் என்னுடையது மாதிரியே இல்லை. கட்டிங் பகுதியில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார். என் கை முழங்கைவரை சூடாக இருந்தது. மெஷின் ஓட்டுபவர் மெஷினை நிறுத்தினார். பிளேட்டைத் திருகிச் சரிசெய்து, ஒரு தாள் ஓட்டி என்னிடம் நீட்டினார். வெள்ளை போயிருந்தது.

“ஓட்டுங்கண்ணே,” என்றேன். அப்புறம், “கத்திட்டேன், மன்னிச்சுருங்க,” என்றேன்.

“கத்துனாத்தாம்மா நல்லாருக்கு. இத்தன நாளா நீ இருக்கியா இல்லியான்னே தெரியல,” என்றார்.

இதழ் பள்ளிகளுக்குப் போனது. பத்து நாளில் அந்தத் தலைமையாசிரியர் டீச்சருக்கு ஃபோன் செய்து, கணக்கு வகுப்பில்கூடப் பெஞ்சைத் தட்டுகிறார்கள், அடுத்த இதழில் சத்தம் வராத மாதிரி ஏதாவது போடுங்கள் என்றாராம். டீச்சர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் இதழில் தொடையில் தட்டும் மாதிரி வைத்தோம். அந்த அட்டைக்கு நானும் டீச்சரும் ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம். அவர்தான் ஜெயித்தார், எனக்கு அது இன்றைக்கும் பிடிக்கவில்லை.

அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. ரேஷன் கார்டில் கணவர் பெயரை நீக்கப் போயிருந்தேன். கம்ப்யூட்டர் முன் இருந்த பெண் திரையை என் பக்கம் திருப்பி, “இந்தப் பேருதானே மேடம்?” என்று கேட்டாள். “ஆமா” என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரிசையில் பின்னால் நின்ற அம்மா என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அந்தப் பெண் எழுந்து தண்ணீர் கொண்டுவந்தாள். வெகுநேரம் ஆனது. அன்று பெயரை நீக்காமலே வந்துவிட்டேன். அடுத்த வாரம் அத்தையையும் கூட்டிக்கொண்டு போனேன்.

மறுநாள் வேலைக்குப் போனேன். மூன்றாம் இதழில் பதினொரு பக்கம் இன்னும் காலியாக இருந்தது.