கணீரென்ற வயிறு

பச்சையாக இருக்கும் எதுவும் வயிற்றைக் கெடுக்காது என்று அப்போது எங்கள் வீட்டில் நம்பினோம். சென்னைக்குப் படிக்கப் போன மகள் எங்கள் பொறுப்பில் விட்டுச் சென்ற இரண்டு கினிப்பன்றிகளுக்கும் அந்த நம்பிக்கையைத்தான் தினமும் பரிமாறினோம். ஒன்று தவிட்டு நிறம், மற்றது வெள்ளை. முயல்குட்டி அளவில், வால் இல்லாத, எந்நேரமும் எதையாவது மென்றுகொண்டிருக்கிற சாதுவான பிராணிகள்.

மகள் சொல்லிவிட்டுப் போனது சுருக்கமானது: புல்தான் சாப்பாடு, காய் கொஞ்சம். என் கணவருக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

"நம்ம வூட்டுக்கு வந்ததுங்களுக்கு வெறும் புல்லப் போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

மணமாகி இத்தனை ஆண்டுகளில் அந்த நாலு பேரை நான் சந்தித்ததே இல்லை. ஆனால் எங்கள் வீட்டின் முக்கியமான முடிவுகள் அவர்களை உத்தேசித்தே எடுக்கப்பட்டிருக்கின்றன. எனவே காய்கறிக் கடையில் உரித்துப் போடும் முட்டைக்கோஸ் இலைகள் பை நிறைய வந்தன. பையின் சரசரப்பு கேட்டதும் இரண்டும் கீச்சிட்டுக் கத்தும்.

"பாரு, என்னைய எப்பிடிக் கூப்புடுதுங்க!" என்று பூரிப்பார். மகள்கூட அவரை அவ்வளவு ஆர்வத்தோடு அழைத்ததில்லை என்பதால் நான் குறுக்கே பேசவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தவிட்டு நிறம் பையின் ஓசைக்கு எழுந்து வரவில்லை. மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தது. வயிறு இரு பக்கமும் புடைத்திருந்தது. அதன் பக்கத்தில் ஒரு புழுக்கைகூட இல்லை.

"ஏங்க, இதுக்கு என்னவோ ஆயிருச்சு. வயிறு உப்பிக் கெடக்குது பாருங்க."

என் கணவர் செராமிக் பட்டறையில் தரம் பார்ப்பவர். சூளையிலிருந்து வரும் கோப்பைகளை விரலால் சுண்டிக் காதருகே வைத்துக் கேட்பார். கணீரென்றால் நல்லது, மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். அதில் அவர் தீர்ப்பு பிசகியதில்லை. அதே விரலால் அந்தப் பிராணியின் வயிற்றை மெல்லச் சுண்டினார். குனிந்து கேட்டார். இன்னொரு முறை சுண்டினார்.

"சத்தம் சுத்தமா இருக்குது. உள்ளாற ஒண்ணும் பழுது இல்ல. கூடத் தின்னுருக்கும். இன்னிக்கு வயித்தக் காயப் போடு, சரியாப் பூடும்."

"அது கப்பு இல்லீங்க."

"நீ படிக்கிற புஸ்தகத்துலல்லாம் இது இருக்காது."

உண்மைதான், இருக்கவில்லை. கூண்டிலிருந்த உணவை எடுத்துவிட்டேன்.

மறுநாள் அது கண்ணைப் பாதி மூடிக் கிடந்தது. துணிப்பையில் வைத்து கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்த ஒரு பசுவுக்குப் பின்னால் காத்திருந்தோம். மருத்துவர் இளம்பெண். அவரும் அதே இடத்தில் விரலால் தட்டிப் பார்த்தார்.

"கேட்டீங்களா சார், மத்தளம் மாதிரி? அவ்வளவும் கேஸு. கோஸு குடுத்தீங்களா?"

"வெளி எலைங்கதாம்மா."

"பட்டினி வேற போட்டிருக்கீங்க. இதுங்களுக்குக் குடலு ஓடிக்கிட்டே இருக்கணும் சார். நின்னுச்சுன்னா கேஸு சேரும், சேந்தா தின்னாது, தின்னலைன்னா இன்னும் சேரும்."

"நல்ல சத்தம்னு நெனச்சேம்மா" என்றார் என் கணவர். மருத்துவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது.

சொட்டு மருந்து தந்தார். கரைத்த தீவனத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் கொடுக்கச் சொன்னார். வயிற்றை மெல்லத் தடவிவிடச் சொன்னார். என் கணவர் பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அதை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார். மாலை விளக்கேற்றும் நேரத்தில் அவர் கை நின்றது. அதன் மூச்சு அதற்குச் சற்று முன்பே நின்றிருந்தது.

மகளிடம் நான்தான் தொலைபேசியில் சொன்னேன். நிறைய அழுதாள். பிறகு, "அப்பா சாப்ட்டாரா?" என்றாள்.

"இல்ல."

"அவரையும் பட்டினி போடாதம்மா" என்றாள். அழுகைக்கு நடுவே சிரித்தாளோ என்று சந்தேகம். நானும் அப்படித்தான் இருந்தேன்.

இப்போது எங்கள் வீட்டில் முட்டைக்கோஸ் வாங்குவதில்லை. அவருக்கும் வாயுத் தொல்லை உண்டு. எத்தனை முறை கெஞ்சியும் கைவிடாத காயை ஒரு சிற்றுயிரின் பொருட்டு விட்டுவிட்டார். காலையில் அறுகம்புல் பறித்து வருகிறார்; நான் கழுவி, ஈரம் போக உதறி வைக்கிறேன். கினிப்பன்றிகள் துணையில்லாமல் இருக்கக் கூடாதாம். இன்னொன்று வாங்கித் தரச் சொல்லி அவர் கேட்டதற்கு மகள் இன்னும் பதில் சொல்லவில்லை. அதுவரைக்கும் மாலையில் அவர் கூண்டருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு செய்தித்தாள் படிக்கிறார். நான் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். வெள்ளை மென்றுகொண்டிருக்கிறது.