உடைத்த கைக்கே முதல் திருப்பு

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஒரு கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு சாவியக்கா முதலில் பார்ப்பது பூட்டை அல்ல. பூட்டைச் சுற்றியிருக்கும் கீறல்களை. உள்ளே ஒடிந்துபோன சாவியை எடுக்க வீட்டார் எதையெல்லாம் விட்டுக் குடைந்தார்கள் என்பது அந்தக் கீறல்களில் எழுதியிருக்கும். கத்திரிக்கோல், முள்கரண்டி, காது குடைகிற குச்சி என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுவார். வாயில் டார்ச் இருப்பதால் வார்த்தைகள் கொழகொழவென்று வரும். குற்றவாளிக்கு மட்டும் தெளிவாகப் புரியும்.

"கொண்டை ஊசியா?" என்றார் அன்றைக்கு.

ஷெட்டுக்குள் நின்ற பழைய காரின் முன்னிருக்கையில் அவர் குறுக்காகப் படுத்திருந்தார். கால் இரண்டும் கதவுக்கு வெளியே. செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். அடுத்தவர் வண்டிக்குள் செருப்போடு ஏறுகிற பழக்கம் அவருக்கில்லை.

"எப்படிங்க தெரிஞ்சுது?" என்றார் டீச்சரம்மா. வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் தெருவுக்கு அவர் டீச்சரம்மாதான்.

"ஊசி முனையில இருக்கிற குமிழும் உள்ள கெடக்கு. சாவியத் தேடப்போய் அதையும் தொலைச்சிருக்கீங்க. நல்லவேளை, பசை ஊத்தல. போன மாசம் ஒரு மகராசன் பசை ஊத்தி, சாவியோட சேத்து தன் விரலையும் ஒட்டிக்கிட்டாரு."

சாவியக்கா பூட்டுத் தொழிற்சாலையில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். பூட்டுக்குள் போகிற கடுகளவு ஸ்பிரிங்குகளைச் சோதித்துப் பிரிக்கிற பிரிவு. ஒருநாள் ஒரு பெட்டி நிறைய ஸ்பிரிங்கைக் காட்டி, இது ஆறு மாதத்தில் சிக்கிக்கொள்ளும் என்றார். மேற்பார்வையாளர் 'சரி' முத்திரை போடச் சொன்னார். முத்திரைக் கட்டையை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தவர் திரும்பிப் போகவில்லை. தையல் கடைக்கும் நகலெடுக்கும் கடைக்கும் நடுவே ஒரு கதவு அகலத்துக்கு இப்போது அவருக்குக் கடை இருக்கிறது. உட்கார்ந்தால் நிறைந்துவிடும். பெரும்பாலும் ஸ்கூட்டரில்தான் தொழில்.

அவர் மாட்டியிருக்கும் ஏப்ரனில் பதினோரு பை. அவரே தைத்தது. எட்டாவது பையில் மிட்டாய். பூட்டு திறக்கும்வரை வீட்டுக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுப்பார். "வாய் சும்மா இருக்கணும்ல. என் வாயச் சொல்லல, உங்க வாயத்தான்." பதினோராவது பையில் உடைந்த சாவித் துண்டுகள். வேலை முடிந்ததும் அவற்றைக் காகிதத்தில் மடித்து உரியவரிடமே கொடுத்துவிடுவார்.

இவ்வளவு இருந்தும் சொந்த வீட்டுச் சாவியை அவர் எங்கே வைத்தார் என்பது அவருக்கே தெரியாது. பள்ளி வேன் ஓட்டுகிற கணவர் அதைச் சொல்லிச் சொல்லியே காலம் தள்ளுகிறார். "ஊருக்கெல்லாம் சாவி போடுறா. நம்ம சாவி எங்கடின்னா என் மூஞ்சியப் பாக்குறா." சாவியக்காவும் விடமாட்டார். "நம்ம வீட்டுல திருடன் எடுத்துட்டுப் போறதுக்கு நீங்க ஒரு ஆளுதான் இருக்கீங்க. உங்கள எவன் சுமப்பான்?"

தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. புதுச் சாவி தயாரானதும் அதை முதலில் திருப்ப வேண்டியவர் பழையதை உடைத்தவர்தான். வீட்டுத் தலைவரோ மேலதிகாரியோ கையை நீட்டினாலும் கொடுக்கமாட்டார். ஒரு மருத்துவமனையில் மருந்து அலமாரிச் சாவியை ஒடித்துவிட்ட நர்ஸ் பெண் அழுதுகொண்டு மூலையில் நிற்க, தலைமை நர்ஸ் கையை நீட்டினாராம். "உங்களுக்கு அப்புறம். ஒடச்ச கை மொதல்ல திருப்பணும். இல்லேன்னா இனிமே எந்தப் பூட்டப் பாத்தாலும் அது பயப்படும்" என்று சொல்லி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கிறார். அந்த முதல் திருப்பலை அவர் பார்ப்பதுமில்லை. முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். "பாத்துக்கிட்டே இருந்தா எந்தக் கையும் நடுங்கும். காதாலயே எனக்குத் தெரிஞ்சிரும்."

டீச்சரம்மாவுக்கு அன்று அந்தப் பிடிவாதம் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடிகாரம் பத்தைத் தாண்டிவிட்டது என்பதுதான்.

"பதினொன்னரைக்குள்ள அவரு வந்துருவாரு" என்றார்.

அவர் என்பது டீச்சரம்மாவின் கணவர், சர்வேயர். ஊரையெல்லாம் அளந்து ஓய்வு பெற்றவர். அந்த வெண்ணெய் நிறக் காரை, கல்யாணத்துக்கும் இரண்டு வருடம் முன்பிருந்தே வைத்திருக்கிறார். கழுவுவது, துடைப்பது, சக்கரத்துக்குக் காற்றடிப்பது எல்லாம் அவர் கைதான். முப்பத்தாறு வருடமாக டீச்சரம்மாவுக்குப் பக்கத்து இருக்கை. மடியில் பிளாஸ்க். இப்போது சர்வேயருக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்து நாலு நாளாகிறது. அன்று கட்டுப் பிரிப்பதற்காக அவருடைய தம்பி அழைத்துப் போயிருந்தார்.

"இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு இவரு, 'நான் ஓட்டாத வண்டிய யாரும் ஓட்ட வேண்டாம், தார்ப்பாய் போட்டு மூடு'ன்னாரு. மூடிட்டா அவ்வளவுதான், அப்புறம் தெறக்க விடமாட்டாரு."

"நீங்க எதுக்கு ஸ்டார்ட் பண்ணப் போனீங்க?"

டீச்சரம்மா கைப்பையைத் திறந்து ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஓட்டுநர் உரிமம். போட்டோவில் பரீட்சை எழுதப்போகிற பிள்ளை முகம்.

"மூணு மாசம். லைப்ரரிக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போய்க் கத்துக்கிட்டேன். ஒரு புஸ்தகம்கூட எடுத்துட்டு வரலையேன்னு ஒருநாள் கேட்டாரு. அங்கேயே படிச்சிட்டேன்னேன்." சிரிப்பு வந்து பாதியில் நின்றது. "இன்னைக்கு இதுலயே போய் ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அவரக் கூட்டிட்டு வரலாம்னு இருந்தேன். ஒரு திருப்புதான் திருப்பினேன். கையோட வந்துருச்சு. என் கை அப்படி. மெக்கானிக்கக் கூப்பிட்டா, பூட்ட ஒடச்சிட்டு ஒயர இழுத்து விடுறேங்கிறாரு. ஒயர் தொங்குற வண்டியப் பாத்தா இவரு உசுரு போயிரும். இனிமே ஷெட்டுப் பக்கமே என்னை விடமாட்டாரு."

"நான் ஒண்ணும் ஒடைக்க மாட்டேன். மிட்டாய சப்புங்க."

சாவி பாதி திரும்பிய நிலையில் ஒடிந்திருந்தது. அந்த நிலையில் எப்படி இழுத்தாலும் துண்டு வராது. பூட்டு அதைக் கடித்துக்கொண்டிருக்கும். மெல்லிய திருப்புளியை நுழைத்து, தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பது போல, சாவி நேராக நுழைகிற நிலைக்குப் பூட்டைத் திருப்பினார். பிறகு பென்சில் முனையைச் சுரண்டி அந்தத் தூளைப் பூட்டுக்குள் ஊதிவிட்டார். எண்ணெய் விடமாட்டார். எண்ணெய் இன்றைக்கு வழுக்கும், நாளைக்குத் தூசியைக் கூட்டிச் சேர்த்துக்கொண்டு சண்டைக்கு வரும் என்பார். நூல் போன்ற ரம்பத் துண்டு ஒன்றைச் சாவியின் ஓரமாக உள்ளே செலுத்தி, அதன் பல் சாவியின் பல்லில் மாட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு தடவினார்.

"வாடி கண்ணு. உள்ள என்ன வச்சிருக்க? வா."

முதலில் கொண்டை ஊசியின் குமிழ் வந்தது. இரண்டு தடவை ரம்பம் நழுவியது. மூன்றாவது தடவை பித்தளைத் துண்டு அரிசியளவு தலையை நீட்டியது. நகத்தால் பிடித்து இழுத்தார். டீச்சரம்மா விட்ட பெருமூச்சு ஷெட்டின் தகரத்தில் மோதித் திரும்பியது.

சாவியக்கா துண்டின் உடைந்த முகத்தை வெளிச்சத்துக்குக் காட்டி, அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தார். சாவிக்கொத்தில் மாட்டியிருந்த மற்ற பாதியையும் கழற்றி அதே போலப் பார்த்தார். "ம்" என்றார்.

ஸ்கூட்டர் இருக்கையில் சிறிய பிடிப்பானை முடுக்கி, இரண்டு பாதிகளையும் நுனிக்கு நுனி சேர்த்துவைத்து, அதன் கீழே பல் வெட்டாத புதுச் சாவியை வைத்து அரத்தைப் பிடித்தார். இருபது நிமிடம் இழைத்திருப்பார். கேட்டில் வண்டி ஒன்று நின்று போகிற சத்தம் கேட்டது.

கறுப்புக் கண்ணாடியும் கைத்தடியுமாகச் சர்வேயர் வந்தார். பார்வை மங்கலாக இருந்தாலும் காது சரியாக இருந்தது.

"யாரு அங்க அரத்தைப் போடுறது? என் ஷெட்டுல?"

டீச்சரம்மா சாவியக்காவைப் பார்த்தார். ஏதாவது சொல்லிச் சமாளியுங்களேன் என்கிற பார்வை. சாவியக்கா அரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசிப் பல்லை இழைத்து முடித்தார்.

"நான்தாங்க" என்றார் டீச்சரம்மா. "சாவிய ஒடச்சிட்டேன். ஸ்டார்ட் பண்ணப் போனேன். லைசென்ஸ் இருக்கு. உங்ககிட்ட சொல்லாம எடுத்தது."

சர்வேயர் கைத்தடியைத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினார்.

"முப்பத்தெட்டு வருஷம்! ஒரு நாள் ஒடஞ்சிருக்கா? நீ தொட்ட, ஒடஞ்சுது. இதுக்குத்தான் சொன்னேன். தார்ப்பாயக் கொண்டா."

"சார்," என்றார் சாவியக்கா. "கையக் காட்டுங்க." பிடிப்பானைத் தளர்த்தி ஒடிந்த துண்டை எடுத்து, நீட்டிய உள்ளங்கையில் வைத்தார். "ஒடஞ்ச எடம் என்ன நெறத்துல இருக்கு, சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் தூக்கி, துண்டை மூக்குவரை கொண்டுபோய்ப் பார்த்தார். "எனக்கு இப்ப எல்லாமே பனிமூட்டம்."

"அப்போ டீச்சரம்மா, நீங்க பாருங்க. உள்ளபடி சொல்லுங்க."

டீச்சரம்மாவுக்குக் காரணம் புரியவில்லை. துண்டை வாங்கி, வெளியே வெயிலுக்குப் போய்ப் பார்த்தார். "முக்கால்வாசி கறுப்பா இருக்கு. அழுக்கா என்னன்னு தெரியல. ஒரு ஓரம் மட்டும் மஞ்சளா பளபளன்னு இருக்கு. ஏன்?"

"அழுக்கு இல்ல. அது பழைய விரிசல். காத்துப் பட்டுப் பட்டுக் கறுத்துப்போச்சு. ரொம்ப வருஷத்துக் கறுப்பு. இன்னைக்கு ஒடஞ்சது அந்த மஞ்சள் மட்டும்தான்." சாவியக்கா காரின் மேல் கிடந்த கொத்தைத் தூக்கிச் சர்வேயர் கையில் கொடுத்தார். கேட், பீரோ, மோட்டார் அறை, மாடிக் கதவு, எப்போதோ விட்டுவந்த அலுவலக மேசை என்று பதினான்கு சாவி. "கனம் பாருங்க. வீட்டுல இருக்கிற அத்தனையையும் ஒரே வளையத்துல மாட்டி, அதை இந்தச் சின்னச் சாவியில தொங்கவிட்டு ஓட்டியிருக்கீங்க. வண்டி குலுங்கும்போதெல்லாம் இது ஊஞ்சலாடும். பித்தள எவ்வளவுதான் தாங்கும்?"

சர்வேயர் கொத்தை எடை பார்ப்பது போலக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்போ ஒடச்சது நானா?"

"முக்கா நீங்க. கால் அவங்க. அந்தக் காலும் எப்படியும் போயிருக்கும். நடுரோட்டுல போயிருந்தா நல்லாவா இருக்கும்?"

பிடிப்பானிலிருந்து புதுச் சாவியைக் கழற்றி, ஏப்ரனில் துடைத்தார். வளையம் எதுவும் மாட்டவில்லை. தனிச் சாவி. சர்வேயரின் கை வழக்கம்போல நீண்டது. டீச்சரம்மா ஒரு அடி பின்னால் நகர்ந்து வழிவிட்டார், அதுவும் வழக்கம்தான்.

சாவியக்கா சாவியை விரல்களுக்குள் வைத்துக்கொண்டு யோசித்தார். உடைத்த கை இரண்டாக இருந்த வேலை அவருக்கு இதுவரை வந்ததில்லை. தன் பிடிவாதத்தை அவர்களிடம் சொன்னார். சொல்லிவிட்டு, "கணக்குப்படி உங்க கைதான் சார் பெரிய கை" என்றார். "ஆனா உங்க கை இனிமே ஓட்டப் போறதில்லன்னு டாக்டர் சொல்றாரு. பயம் போக வேண்டிய கை எதுன்னு நீங்களே சொல்லுங்க."

நீட்டிய கையைச் சர்வேயர் மெதுவாக இறக்கி, கைத்தடியின் மேல் வைத்தார்.

"சோக் குமிழ ரெண்டு விரக்கடை இழுக்கணும்," என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "மூணு இழுத்தா இன்ஜினுக்கு மூச்சு முட்டிரும்."

"தெரியும்ங்க. இத்தன வருஷம் பக்கத்துல உக்காந்து வேற எதைப் பாத்துக்கிட்டிருந்தேன்?"

"கிளட்ச்ச முழுசா அமுக்கு. பாதியில நிக்காத. மொதல்ல கண்ணாடியச் சரி பண்ணிக்க. அப்புறம்..."

சாவியக்கா டீச்சரம்மாவின் உள்ளங்கையில் சாவியை வைத்து விரல்களை மூடினார். கார்க் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. தன் வழக்கப்படி அவர் முதுகைக் காட்டித் திரும்பி, கேட்டைப் பார்த்து நின்றார். பின்னால் சர்வேயர் கழுத்தை நீட்டி, கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து காரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாவியக்கா கையைப் பின்னால் நீட்டி, அவர் கையில் தொங்கிய சாவிக்கொத்தின் மறுமுனையைப் பிடித்து, மெதுவாக இழுத்து, அவரையும் கேட்டுப் பக்கம் திருப்பி நிறுத்தினார்.