வழியனுப்பக் கூடாதவள்

என் நாக்கின் ஓரத்தில் ஒரு மச்சம் இருக்கிறது. மிளகு அளவுகூட இல்லை. அதை வைத்துத்தான் எங்கள் வீட்டில் எனக்குக் கருநாக்குக்காரி என்று பேர். நான் சொன்னால் பலிக்குமாம். அதிலும் கெட்டது மட்டும்தான் பலிக்குமாம்.

சின்ன வயதில், கம்பம் ஊரில் எங்கள் திராட்சைத் தோட்டத்துப் பந்தலின் கல்லுக்கால் ஒன்று சாய்ந்து நின்றது. "இது விழப்போகுது" என்றேன். காற்றடித்தது, விழுந்தது. ஒரு பக்கப் பந்தல் காயோடு தரையில் கிடந்தது. வாய்க்கால் தண்ணீர் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனதை யாரும் பார்க்கவில்லை. என் வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தார்கள். அடுத்த கல்லுக்காலையும் அதே வாய்க்கால் ஓரத்தில்தான் நட்டார்கள்.

படித்து முடித்து, தூரத்தில் ஒரு பெரிய ஊரில் விமானங்களைப் பழுது பார்க்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தேன். விமானத்துக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்கள்தான் என் வேலை. எந்த ஊரில் எந்த ஓடுதளம், எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்று விமானத்துக்கு வழி சொல்லும் தகவலெல்லாம் ஒரு ஃபைலில் இருக்கும். நாலு வாரத்துக்கு ஒருமுறை அதைப் புதிதாக ஏற்ற வேண்டும். ஒரு லேப்டாப்பிலிருந்து ஏற்றுவோம். அந்த லேப்டாப்பின் பாஸ்வேர்டை எழுதி அதன் மூடியிலேயே டேப் போட்டு ஒட்டியிருந்தார்கள். ஷிஃப்டில் வேலை இல்லாத நேரம் அதிலேயே பென் டிரைவைச் செருகிப் படம் பார்த்தார்கள். அதில் வைரஸ் இருந்தது. பழைய விமானங்கள், ஏற்றும்போது ஃபைல் பழுதாகியிருக்கிறதா என்று மட்டும்தான் சோதிக்கும். விவரம் தெரிந்த ஒருவன் வேண்டுமென்றே மாற்றிவைத்தால் அவற்றுக்குத் தெரியாது. நல்ல ஃபைல் என்று வாங்கிக்கொள்ளும்.

மேலதிகாரியிடம் போய்ச் சொன்னேன்.

"நீங்க எதுக்கு அதையெல்லாம் நோண்டிப் பாத்தீங்க?" என்றார்.

"நோண்டலை சார். வைரஸ் இருக்குன்னு ஸ்கிரீன்லயே வருது."

"இத்தன பேரு அதுல வேலை பாக்குறாங்க. உங்களுக்கு மட்டும்தான் வருதா?"

பிறகு எனக்கு ஒரு விசாரணை வைத்தார்கள். ஓட்டை எங்கே என்று அதில் யாரும் கேட்கவில்லை. அதை நான் எப்படிப் பார்த்தேன், யாரிடமெல்லாம் சொன்னேன் என்று கேட்டார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். லேப்டாப் அங்கேயே இருந்தது. கூட வேலை பார்த்த ஒருத்தி பிறகு போனில் சொன்னாள்: மூடியில் இருந்த டேப்பை எடுத்து லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கிறார்களாம். அவ்வளவுதான் பாதுகாப்பு.

ஊருக்குத் திரும்பி, தேனியில் கடைகளுக்குக் கேமரா மாட்டும் வேலைக்குப் போனேன். இப்போதும் அதைத்தான் செய்கிறேன்.

அப்போதுதான் தம்பிக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. குறிப்பிட்ட நாளில் போய்ச் சேர வேண்டும், தவறினால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். அவன் டிக்கெட்டைப் பார்த்தேன். எங்கள் கொட்டகைக்கு வந்துபோகும் கம்பெனியின் விமானம். அவற்றுக்கு அந்த லேப்டாப்பிலிருந்து நானே என் கையால் ஃபைல் ஏற்றியிருக்கிறேன். வேறு கம்பெனியில் மாற்றிக்கொள் என்று சொன்னேன். அம்மாவிடம் சொன்னேன். தாய்மாமாவிடம் சொன்னேன். ஒருவரும் காதில் வாங்கவில்லை.

கிளம்பும் நாள் வந்தது. குமுளி வழியாகக் கொச்சிக்குப் போக வேன் வாசலில் நின்றது. டயருக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார் மாமா. தம்பி பையைத் தூக்கினான். எங்கள் பக்கம் ஒருவர் பயணம் கிளம்பும்போது எங்கே என்று கேட்கக் கூடாது, பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, கெட்ட சொல் எதுவும் வாயில் வரக் கூடாது. எல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தை விட்டால் சொல்ல எனக்கு வேறு நேரம் இல்லை.

"ஏலே, இன்னமும் ஒண்ணும் கெட்டுப்போகல. இந்தப் பிளேன் வேணாம்" என்றேன்.

அம்மா பாய்ந்து வந்தாள். "வாசப்படி தாண்டுறப்பத்தான் சொல்லணுமா? வாயை மூடுடி!"

"முன்னாடியே சொன்னேன்ல? அப்பக் கேட்டியா?"

மாமா சிரித்தார். "பிளேன் ஓட்டுறவுகளுக்குத் தெரியாதது இவளுக்குத் தெரிஞ்சிருச்சாம். அதான் வீட்டுக்கு அனுப்பிட்டாகபோல."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வேனுக்கு எலுமிச்சம்பழம் வச்சீகளே மாமா, பிளேனுக்கு என்னத்த வப்பீக? பூசணிக்காயா?"

தம்பி சிரித்துவிட்டான். வேன் டிரைவரும் சிரித்தார். அம்மா என் வாயிலேயே அடித்தாள். வழியனுப்பக் கொச்சி வரைக்கும் எல்லோரும் போனார்கள். என்னை ஏற்றவில்லை.

மறுநாள் தம்பியிடமிருந்து போனில் ஒரு படம் வந்தது. சீட்டுக்கு முன்னால் இருக்கும் திரையை எடுத்திருந்தான். விமானம் எங்கே போகிறது என்று வரைபடத்தில் காட்டும் திரை அது. எங்கேயோ ஒரு ஊரின் மேல் விமானம் அசையாமல் நின்றுகொண்டிருந்தது. கூடவே அவன் குரல்: "அக்கா, சன்னல் வழியா பாத்தேன், கடலு. திரையில பாத்தா ஊரு. எது நெசம்? இப்ப வேற ஒரு நாட்டுல எறக்கி உக்கார வச்சிருக்காக. ஏன்னு கேட்டா, கோளாறுங்குறாக."

படத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நான் பயந்தது லேப்டாப்புக்கு. வந்தது வேறு வழியாக. விமானம் தான் எங்கே இருக்கிறது என்பதை வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள்களின் சிக்னலை வைத்துத் தெரிந்துகொள்கிறது. அது ரொம்பப் பலவீனமான சிக்னல். சண்டை நடக்கும் நாடுகளுக்குப் பக்கத்தில், தரையிலிருந்து அதைப் போலவே பொய் சிக்னலைப் பலமாக அனுப்புகிறார்கள். விமானத்துக்கு எது பொய் என்று தெரியாது. பலமாக வருவதை நம்பிவிடும்.

தம்பிக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "குமுளி மலை ஏறுறப்ப, நம்ம மண்ணுல நிக்கிறப்பவே போனு கேரளா டவரைப் புடிச்சுக்கிட்டு, கேரளாவுக்கு வரவேற்கிறோம்னு மெசேஜ் போடும்ல? அது மாதிரிதான். ஆனா அங்கன டவரு சும்மா நிக்குது. இங்கன ஒருத்தன் ஏமாத்தணும்னே அனுப்புறான்."

"அப்ப பைலட்டுக்கு?"

"அவுகளுக்கும் இதே பொய்தான் வரும். வேற கருவி இருக்கு, கீழ இருந்து வழி சொல்லுவாக. அதை வச்சு எறக்கியிருப்பாக. உசுரோட எறங்குனயே, அது போதும்டா."

உயிர் போதும் என்று நான் நினைத்தேன். வேலை கொடுத்தவர்களுக்கு அது போதவில்லை. அந்த ஊர் விமான நிலையத்து நாற்காலியில் படுத்து எழுந்து, தம்பி போய்ச் சேர்ந்தபோது அவன் இடத்தில் வேறு ஒருவன் நின்றான். திருப்பி அனுப்பிவிட்டார்கள். பயணம் செய்தவர்களுக்கு விமானக் கம்பெனி ஒரு செய்தி அனுப்பியது. தொழில்நுட்பக் கோளாறு, வருந்துகிறோம். அதோடு கதை முடிந்தது. பொய் சிக்னலை எவன் அனுப்பினான், ஏன் விமானம் அதை நம்பியது, அடுத்த தடவை என்ன செய்வார்கள், ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டில் மட்டும் காரணம் உடனே கிடைத்துவிட்டது. என் நாக்கு.

"நான் சொன்ன ஓட்டை வேற, இது வேற ஓட்டை" என்று சொல்லிப் பார்த்தேன். 

"ரெண்டு ஓட்டையும் உன் வாயிலதான் இருக்கு" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவைதான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

தம்பி ஒருத்தன் புரிந்துகொள்வான் என்று இருந்தேன். திரையையும் சன்னலையும் சேர்த்துப் பார்த்தவன் அவன்தானே. ஒரு நாள் தோட்டத்தில், பந்தலுக்கடியில் மருந்தடித்துவிட்டு வந்து உட்கார்ந்தான். துண்டால் முகத்தைத் துடைத்தான். பிறகு சொன்னான்: "நீ அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்க்கா."

அம்மா அடித்தபோது வலிக்காதது அப்போது வலித்தது. 

"நான் சொல்லலேன்னா அந்த சிக்னல் வந்திருக்காதா?"

"தெரியும்க்கா. இருந்தாலும்."

காலி மருந்து டப்பாவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

இந்த வருடம் அவனுக்கு மறுபடி ஒரு வேலை வந்தது. மறுபடி அதே வான வழி. டிக்கெட் எந்தக் கம்பெனி என்று எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? எல்லாக் கம்பெனியும் அந்த வழியாகத்தான் பறக்கிறது. முந்தின நாளே அம்மா என்னிடம் வந்தாள். கோபமாக இல்லை, கெஞ்சுவது மாதிரி.

"நாளைக்கு நீ வெள்ளன வேலைக்குப் போயிரு, ஆத்தா. அவன் கெளம்பினதும் வா."

போய்விட்டேன். தேனியில் ஒரு பாத்திரக் கடையில் ஏணி மேல் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தபோது தம்பி கூப்பிட்டான். வேன் குமுளிக்கு ஏறிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. அவன் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, நல்லபடியா போயிட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லுக்கா."

அந்த வார்த்தையால் ஒன்றும் ஆகாது. எந்த லேப்டாப்பும் சுத்தமாகாது, எந்தப் பொய் சிக்னலும் நிற்காது. இது அவனுக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறான். என் நாக்குக்குப் பயந்து கேட்கிறான்.

"நல்லபடியா போயிட்டு வாடா" என்றேன்.

இறங்கி வந்து கேமராவைக் கம்ப்யூட்டரில் இணைத்தேன். கடைக்காரர் பக்கத்தில் வந்து நின்றார். "பாஸ்வேர்டெல்லாம் மாத்திராதம்மா. வந்தது எப்படியோ அப்படியே இருக்கட்டும். எங்களுக்கு ஞாபகம் இருக்காது."

வழக்கமாக இந்த இடத்தில் நான் சண்டை போடுவேன். கம்பெனியிலிருந்து வரும் பாஸ்வேர்டு ஊருக்கெல்லாம் தெரியும், எவனும் உள்ளே வந்து உங்கள் கல்லாப்பெட்டியைப் பார்ப்பான் என்று கத்துவேன். மாற்றிவிட்டுத்தான் கிளம்புவேன்.

"சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஏணியை மடக்கினேன்.