கம்ப்யூட்டரில் ஒன்றும் காட்டாத கார்

தெய்வாத்தாளிடம் வம்பு வைத்துக்கொண்டவன் எவனும் நல்லாயிருந்ததில்லை. சண்டை போடமாட்டாள், சத்தம் போடமாட்டாள். "சரிங்க" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுவாள். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவள் புருசன் ராசப்பனும் பயப்படுவான்.

திருப்பூரில் பனியன் துணிக்கு அச்சடிக்கிற பட்டறை வைத்திருக்கிறாள். ஒருமுறை மைக்கடைக்காரர் ஒருவர், காய்ந்தாலும் தொட்டால் ஒட்டுகிற மட்டமான மையைத் தலையில் கட்டிவிட்டார். கேட்டதற்கு, "நீங்க காயவெச்சது சரியில்லீங்க" என்றார். "சரிங்க" என்றாள். அவர் மகள் கல்யாணம் வந்தது. தாம்பூலப்பை முழுக்க என் அன்பளிப்பு என்று, அந்த மையிலேயே அச்சடித்து அனுப்பி வைத்தாள். மண்டபத்தை விட்டு இறங்குவதற்குள் வந்தவர்கள் பட்டுச்சேலையெல்லாம் ஊதா. அந்த மனுசன் அதற்கப்புறம் அவள் பட்டறை வீதிப்பக்கமே வருவதில்லை.

இப்படிப்பட்டவள் ஒரே ஒருத்தியிடம் மட்டும் பல வருசமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். அவள் மூத்த ஓரகத்தி பெரியாத்தாள், ராசப்பனின் அண்ணன் சம்சாரம். வருசாவருசம் வெள்ளகோவில் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் பங்காளிகள் எல்லாரும் கிளம்புவார்கள். பெரியாத்தாள் தன் காரின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "எடம் பத்தாதே கண்ணு" என்பாள். தெய்வாத்தாள் லோடு ஆட்டோவில், பாத்திர பண்டங்களுக்கு நடுவில், அரிசிச் சட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு போவாள். காற்றில் தலை பரட்டையாகிக் கோயிலில் இறங்கும்போது, "என்ன கண்ணு, தலை சீவலியா?" என்று பெரியாத்தாளே கேட்பாள். யாருக்குத்தான் வயிறு எரியாது?

அதற்காகவே தெய்வாத்தாள் கார் ஓட்டப் பழகினாள். அதற்காகவே புதுக்கார் வாங்கினாள். ஷோரூமில் மாலை போட்டு, கேக் வெட்டி, போட்டோ பிடித்து அனுப்பினார்கள். அந்த வருசப் பொங்கலுக்குத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினாள். காங்கேயம் தாண்டியதும் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியது. உஸ்ஸென்று நின்றே போனது. சாவியைத் திருகினால் செருமியதே ஒழியக் கிளம்பவில்லை.

பின்னாலேயே பெரியாத்தாளின் கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி, "இது புதுசா, பழசு வாங்குனதா கண்ணு?" என்றாள். கடைசியில் ஒரு டிராக்டர்காரர் கயிறு கட்டிக் கோயில்வரை இழுத்துப் போனார். வேப்பமரத்தடியில் பங்காளிகள் மொத்தமும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அன்று தெய்வாத்தாள் பொங்கலைத் தொடவே இல்லை.

சர்வீசுக்கு விட்டாள். அங்கே மேனேஜர் மாதவன், மதுரைப் பக்கத்து ஆள், வெள்ளைச் சட்டை கசங்காமல் பேசுகிறவன். "கம்ப்யூட்டர்ல மாட்டிப் பாத்தோம் மேடம், ஒண்ணும் காட்டல" என்று திருப்பிக் கொடுத்தான். சாயங்காலமே பல்லடம் ரோட்டில் நின்றது. மறுபடி விட்டாள். சாஃப்ட்வேர் மாற்றினோம் என்றார்கள். மறுபடி நின்றது, இப்படியே ஒரு வருசம் போனது. இதற்கு நடுவில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போனில் கூப்பிட்டு, எங்கள் சேவைக்குப் பத்துக்குப் பத்து கொடுப்பீர்களா மேடம் என்று கெஞ்சுகிறாள். வண்டி சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது, இவர்கள் ஆறின வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லாயிருக்கிறது என்கிறார்கள். இதைச் சொன்னால் காதில் வாங்குவாரில்லை.

அடுத்த தடவை போனபோது மாதவன் ராசப்பனைப் பார்த்துப் பேசினான். தெய்வாத்தாள் பக்கத்தில்தான் நிற்கிறாள். "லேடீஸ் ஓட்டுற வண்டி பாருங்க சார். கிளட்சுல பாதி கால் வச்சே ஓட்டுவாங்க, அதான் ஆஃப் ஆகுது. கிளட்ச் தேய்மானமெல்லாம் வாரண்டில வராது. நீங்க ஓட்டிப் பாருங்க, நிக்கவே நிக்காது."

ராசப்பனுக்குச் சைக்கிளே சரியாக ஓட்டத் தெரியாது. அவன் திரும்பித் தெய்வாத்தாளின் முகத்தைப் பார்த்தான்.

"சரிங்க" என்றாள் அவள்.

பட்டறை மூலையில் செகண்ட்ஸ் பனியன்கள் மலையாகக் கிடந்தன. தையல் கோணல், ஓட்டை, கழுத்து இழுத்தது என்று தள்ளிவிட்டவை. எல்லாவற்றையும் இறக்கி அச்சடிக்கச் சொன்னாள். முன்னால் ஒரு காரை டிராக்டர் கயிறு கட்டி இழுக்கிற படம். அதன் கீழே 'புதுக்காருங்க. கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டலீங்க.' முதுகில் ஷோரூம் பெயர், பெரிய எழுத்தில். இட்டுக்கட்டியது ஒரு எழுத்து கிடையாது, அத்தனையும் நடந்தது.

திருப்பூரில் சும்மா கொடுக்கிற பனியனை வேண்டாம் என்கிறவன் யார்? லோடுமேன்கள் போட்டார்கள், பரோட்டா மாஸ்டர் போட்டார், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாமல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டுவரை போய்வந்தார்கள். ஷோரூமுக்கு எதிர்க்கடை டீக்காரரும் போட்டுக்கொண்டார். முகூர்த்த நாளில் மாலையோடு கார் எடுக்க வந்த ஒரு குடும்பம், டீயைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் நெஞ்சைப் படித்தது. படித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று மாலையோடு திரும்பிப் போனது. அதைக் கேள்விப்பட்ட அன்றுதான் தெய்வாத்தாள் ரெண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே மாதவன் இனிப்புப் பெட்டியோடு வாசலில் நின்றான். வண்டியை எடுத்துக்கொண்டு போய் என்னென்னவோ புதுச் சாமான் மாட்டி, பைசா வாங்காமல் கொண்டுவந்திருந்தான். "கம்பெனி நல்லெண்ணத்துல செஞ்சு குடுத்திருக்கு மேடம். வண்டில ஆரம்பத்துல இருந்தே குறை இல்லன்னு ஒரு கையெழுத்து மட்டும் போட்டுடுங்க. பனியனையும் நிறுத்திடுங்க."

"போடறனுங்க தம்பி. இந்த வருசப் பொங்கல் ஞாயித்துக்கெழம. நீங்களே ஓட்டி எங்களைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போங்க. வண்டிதான் கோளாறு, இந்தம்மா ஓட்டறதுல ஒண்ணுமில்லைன்னு எங்க பங்காளிக முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்க. அங்கயே கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

விட்டது தொல்லை என்று மாதவன் தலையாட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை தெய்வாத்தாள் பட்டுச்சேலை கட்டி முன்சீட்டில் உட்கார்ந்தாள். பின்சீட்டில் ராசப்பன், வண்டி நல்லபடியாகப் போய்ச் சேரவேண்டும் என்று வாய்க்குள் முனகிக்கொண்டே வந்தான். தெய்வாத்தாளும் வேண்டிக்கொண்டுதான் வந்தாள். வாங்கின நாளிலிருந்து ஓடணும் ஓடணும் என்று வேண்டியவள், அன்று நில்லு சாமி, நில்லு என்று வேண்டினாள். அப்படியொரு ஆங்காரம்.

சாமிக்குக் கேட்டதோ, வண்டிக்குக் கேட்டதோ. வெள்ளகோவில் தாண்டிக் கோயில் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. மாதவன் சாவியைத் திருகினான். இன்னொரு தரம் திருகினான். நெற்றி வேர்த்துவிட்டது.

"பாதி கால் வெச்சுட்டீங்களாட்ட இருக்குது" என்றாள் தெய்வாத்தாள்.

மாதவன் போன் போட்டுப் பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை இழுவை வண்டி வர மத்தியானம் ஆகும் என்றார்கள். ராசப்பன் தள்ளிவிடலாம் என்று கதவைத் திறந்தான். "நீங்க உக்காருங்க, வேட்டி அழுக்காயிரும்" என்று அவனை உட்காரவைத்துவிட்டு, தெய்வாத்தாள் ஸ்டீயரிங் பக்கம் மாறி உட்கார்ந்தாள். மாதவன் இறங்கி, பளபளக்கிற ஷூ புழுதியில் புதைய, பின்னால் நின்று தள்ளினான்.

பெரியாத்தாளின் கார் வந்து பக்கத்தில் நின்றது. "என்ன கண்ணு, மறுபடியுமா? யாரு அந்தத் தம்பி?"

"கார் கம்பெனி மேனேஜருங்கக்கா. இத்தனை நேரம் அவருதான் ஓட்டுனாரு. தம்பி, அக்காகிட்ட அந்த வார்த்தையச் சொல்லிருங்க."

மாதவன் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான். "இந்தம்மா ஓட்டுறதுல தப்பு இல்லைங்க. வண்டிதான் கோளாறு."

"சத்தமாச் சொல்லுங்க தம்பி. அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம்."

மாதவன் அடிவயிற்றிலிருந்து இன்னொரு தரம் சொன்னான். பெரியாத்தாளுக்குக் காதில் ஒரு குறையும் கிடையாது.