ஸ்டெல்லா அக்கா சொன்ன முழு வாக்கியம்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு கட்சி விளம்பரமாக வந்தது. இங்கே நோர்வேயில், ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்கு நின்றபோது கைப்பேசியில் ஒரு கண்ணீர் அஞ்சலி அட்டை வந்து விழுந்தது. அதில் அவருடைய படத்தைவிட அஞ்சலி செலுத்தியவரின் படம் பெரிது. அனுப்பியவர் ஆளுங்கட்சியில் நிற்கும் நம்மவர் ஒருவர். ரயில் வருவதற்குள் எதிர்க்கட்சியில் நிற்கும் நம்மவரின் அட்டையும் வந்துவிட்டது. இரண்டிலும் 'நேர்மையின் சிகரம்'. அவர் உயிரோடு இருந்தபோது இருவரும் அவரைப் பொய்க்காரி என்று எழுதியவர்கள். பெயர்களை நான் எழுதவில்லை. பெயர் அச்சில் வருவது அவர்களுக்குப் பிடிக்கும்.

உங்களில் பலருக்கு அவர் மன்னார்க்காரி, தேவாலயப் பாடகர் குழுவின் உரத்த குரல். எனக்கு அமைச்சின் பாதுகாப்புப் பிரிவில் பக்கத்து மேசைக்காரர். இரகசியக் கூட்டம் நடக்கும் அறையின் வாசலில் கைப்பேசிகளைப் போடும் பெட்டியோடு நிற்பார். மகனின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வரக்கூடும் என்று ஒரு பணிப்பாளர் கெஞ்சியபோது, "வரட்டும், நான் எடுத்துக் கதைக்கிறேன்" என்று நோர்வேஜிய மொழியில் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "பாவம், ஃபோன் இல்லாட்டி கை நடுங்குது அவருக்கு."

பிறகு அமைச்சர் தன் சொந்தக் கைப்பேசியோடு வெளிநாடு போனார். அந்தக் கைப்பேசிக்குள் யாரோ ஊடுருவினார்கள். பாதுகாப்பு விசாரணை தொடங்கியது. தன்னை எவரும் எச்சரிக்கவில்லை என்றார் அமைச்சர். நாடாளுமன்றக் குழுவின் முன் ஸ்டெல்லா அக்கா சொன்னது ஒரே வாக்கியம்: "நான் ஒருமுறை எச்சரித்தேன், அவர் சிரித்தார், இரண்டாம் முறை சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை."

எதிர்க்கட்சி முன்பாதியை எடுத்துக்கொண்டது. பின்பாதி ஆளுங்கட்சி மிரட்டிச் சொல்லவைத்த பொய்யாம். ஆளுங்கட்சி பின்பாதியை எடுத்துக்கொண்டது; முன்பாதி அதிகாரி தன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய்யாம். படித்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள், ஒரு வாக்கியத்தை மீன் வெட்டுவதுபோல வெட்டினார்கள். நம்மவர்கள் இருவரும் அந்தத் துண்டுகளைத் தமிழில் பரிமாறினார்கள்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது ஆளுங்கட்சிக்காரர் மறித்தார். "அக்கா, எங்கடை ஆக்களைக் காட்டிக் குடுத்துப் போட்டீங்களே."

"எங்கடை ஆக்களோ? அமைச்சர் உங்கடை மச்சானே, தம்பி?"

மற்றவர் கொஞ்சம் தள்ளி, தன் முறைக்குக் காத்து நின்றார். "அந்த ரெண்டாம் பாதியை மட்டும் வாபஸ் வாங்குங்கோ அக்கா. உங்களைப் பெரிய ஆளாக்கி விடுவம்."

"ஆக்கிப்போட்டு? தேர்தலுக்கு என்னையும் நோட்டீஸிலை போடப்போறீரோ?"

அலுவலகத்தில் மதிய உணவு மேசையில் அவர் அருகே உட்கார ஆள் குறைந்தது. ஒருநாள் நான் கேட்டேன். "ஏனக்கா திருப்பிச் சொல்லேல்லை? எங்களுக்கு எண்டால் மூண்டு தரம் சொல்லுவீங்கள்."

"வெக்கமாக் கிடக்குது. இவ்வளவு காலம் இஞ்சை இருந்தும், பெரியாக்கள் சிரிச்சால் வாயை மூடுற பழக்கம் போகேல்லை."

"அதைக் குழுவிலை ஒருத்தரும் கேக்கேல்லையே. ஏன் சொன்னீங்கள்?"

"கேக்காட்டிலும் நடந்தது தானே."

விசாரணை அறிக்கையில் அந்த வாக்கியம் முழுதாக வரவேண்டும். அவர் விரும்பியது அவ்வளவுதான். அறிக்கை வருமுன் அவர் இதயம் நின்றுவிட்டது. இனி எழுந்துவந்து திருத்தமாட்டார் என்ற துணிவில்தான் அந்த இரண்டு அட்டைகளும் வந்தன.

அடக்கம் முடிந்து நினைவுகூரலுக்கு மண்டபத்தில் கூடினோம். இரு கட்சிக்காரரும் பேச வந்திருந்தார்கள், கைப்பேசியில் படம்பிடிக்க ஆளுக்கொருவரோடு. வாசலில் அவருடைய கணவர் அந்தோனி அண்ணன் பெரிய பிஸ்கட் தகரத்தோடு நின்றார். "எல்லாரும் ஃபோனை இதுக்குள்ளை போடுங்கோ. ஸ்டெல்லாவின்ரை கூட்டம் இது."

போட்டோம். அந்த இருவரும் அவர்களோடு வந்தவர்களும் போட்டார்கள். படம் பிடிக்க வழியில்லை என்றானதும் ஒருவருக்குத் தொண்டை கட்டியது. மற்றவருக்கு அவசர வேலை வந்தது. இரண்டு கட்சிகளின் கண்ணீரும் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடங்கிற்று.

நான் எழுந்து அவருடைய வாக்கியத்தை முழுதாகச் சொன்னேன். அடுத்த நாள் இணையத்தில் பழையபடி இரண்டு பாதிகள்.

ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் எனக்கென எடுத்துக்கொள்வது அவர் செய்யத் தவறியதை. சிரிக்கிறவர்கள் முன்னால் இரண்டாம் முறையும் சொல்வது. மண்டபத்தில் சொன்னது முதல் முறை. இந்த எழுத்து இரண்டாவது.