கருகின நீல டயல்

விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் டயலில் கோடு வெட்டி வண்ணம் ஏற்றுவது பூமாரியின் வேலை. வெள்ளித் தகட்டை அரக்கில் பதித்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, மயிரிழை மயிரிழையாய் வெட்டுவாள். மேலே வண்ணக் கண்ணாடிப் பொடியைத் தூவி உலையில் வைத்தால் பொடி உருகிப் படியும். கோடுகள் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் மினுங்கும். ஒரு நிமிஷம் கூடிப்போனால் எல்லாம் கரி.

யானைக்கவுனியில் கருணாகரனின் பட்டறையில் பதினோரு வருஷம் இதைச் செய்தாள். வெட்டுவது அவள். வாடிக்கையாளரிடம் "நம்ம கைவேலை சார்" என்று சொல்வது அவன். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் சுடலைராஜ் என்கிற கப்பல் ஏஜெண்ட், தன் அப்பாவின் பழைய வெளிநாட்டு வாட்ச்சைக் கொண்டுவந்தார். ஒன்பது நாள் குனிந்து மீன்செதில் கோலம் வெட்டி, நீலப்பொடி தூவி, உலையில் வைக்கச் சொல்லிக் கருணாகரனிடம் கொடுத்துவிட்டு, பூமாரி சாப்பிடப் போனாள். திரும்பி வந்தால் டயலைக் காணோம் என்றான். பட்டறை நடுவில் அவள் பையைக் கவிழ்த்தான். டிபன் பாக்ஸும் சீப்பும் விழுந்தன. "அதுக்குள்ள கைமாத்திட்டா" என்றான்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கேஸ் நிற்கவில்லை, கெட்ட பேர் நின்றது. அந்தத் தெருவில் ஒரு கடைக்காரரும் அவளை உள்ளே விடவில்லை. மகள் மகிழினியைப் பள்ளியில் 'திருடி பொண்ணு' என்றார்கள். பூமாரி காத்திவாக்கத்தில் இறால் உரிக்கப் போனாள். நகக்கண்ணில் முள் ஏறும்போதெல்லாம் கருணாகரன் பேரைச் சொல்லிக்கொள்வாள், மறந்துவிடக் கூடாது என்று.

ரெண்டு வருஷம் கழித்து, ராயபுரத்தில் வாட்ச் ரிப்பேர் பார்க்கும் தௌசீஃப் மட்டும் துணிந்து அவளுக்கு வேலை கொடுத்தான். போன வருஷம் கருணாகரன் கடை மாற்றியபோது பழைய பார்ட்ஸ் டப்பாக்களை விற்றான். வாங்கினதும் தௌசீஃப்தான். மறுநாள் காலையில் திருவொற்றியூரில் அவள் வீட்டுக்கு ஓடிவந்தான்.

"அக்கா, இது உன் வெட்டு மாரி கீதே?"

கறுத்துப்போன டயல். லென்ஸில் பார்த்தாள். கரிக்கு அடியில் மீன்செதில். லென்ஸைக் கழற்றினாள்.

"தீய வுட்டுகிறான். உலைய மறந்துட்டு, பழிய என் தலையில கட்டிகிறான்."

"ஸ்டேஷனுக்குப் போலாமா?"

"வேணாம். நாலு பேர் முன்னால என்னை அசிங்கப்படுத்துனான். எனக்கு நானூறு பேர் வேணும்."

நாலு மாசம் காத்திருந்தாள். வாட்ச் வியாபாரிகள் சங்கம் கருணாகரனுக்குச் 'சிறந்த கைவினைஞர்' பட்டம் கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் போட்டது. பொன்னாடை போர்த்த வந்தவர் சுடலைராஜ். அவர் பொன்னாடையைப் பிரிக்கும்போது பூமாரி நேரே மேடை ஏறி, டயலை அவர் கையில் வைத்தாள்.

"பின்னாடி நம்பர் கீது சார். உங்க அப்பா வாட்ச் நம்பரான்னு பாருங்க."

அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தார். அன்றைக்கு ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்த அதே நம்பர். முகம் மாறியது. "இது எங்கேம்மா இருந்துச்சு?"

"இவுரு கடை டப்பாவுல. தௌசீஃப் வாங்குன பில்லு கீது."

கருணாகரன் கிட்ட வந்து, "பூமாரி, வெளிய போய்ப் பேசிக்கலாம்மா" என்றான்.

"என் பைய வெளிய வச்சா கவுத்த? இங்கயே பேசு. மைக் கீது பாரு."

சுடலைராஜும், "பேசுங்க" என்றார்.

"தீஞ்சிருச்சு சார்... பயந்துட்டேன்."

"அப்போ எடுத்தது யாரு?" என்றாள் பூமாரி.

"யாரும் எடுக்கல."

"பேரு சொல்லிச் சொல்லு."

மண்டபம் முழுக்கக் கேட்கும்படி மைக்கில் சொன்னான்: "பூமாரி எடுக்கல." கருணாகரன் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் பதிலுக்குக் கை தூக்கவில்லை. பிரித்த பொன்னாடையை யாரோ மறுபடி மடித்துவைத்தார்கள்.

அதற்கப்புறம் வியாபாரிகள் அவள் வீட்டைத் தேடி வந்தார்கள். அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். வாசலில் நின்று, அக்கம்பக்கத்துக்குக் கேட்கும்படி, 'பூமாரி எடுக்கல' என்று சொல்ல வேண்டும். பிறகுதான் டயலைக் கையில் வாங்குவாள். ஒருத்தர் சிரித்தார், கதவைச் சாத்தினாள். ஒருத்தர் முணுமுணுத்தார், "கேக்கல" என்றாள். கௌரவம் பார்த்துத் திரும்பிப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்று விட்டாள்.

கடைசியில் கருணாகரனே வந்தான், மிச்சமிருந்த ஒரே வாடிக்கையாளரின் டயலோடு. யாரும் கேட்காமலே மூணு தடவை சத்தமாகச் சொன்னான். பூமாரி மூணையும் நின்று கேட்டாள். டயலை வாங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"அதான் சொல்லிட்டாரேக்கா," என்றான் உள்ளே இருந்த தௌசீஃப். "போதும் வுடு."

"ஊருக்குப் போதும் தம்பி. எனக்கு இன்னும் ஆறல," என்று சொல்லிவிட்டு, பூமாரி லென்ஸை எடுத்துக் கண்ணில் இடுக்கிக்கொண்டாள்.