வாப்பா என்று அசைந்த உதடு

சாரலில் நனைந்த டீசல் புகைக்குத் தனி வாடை உண்டு. ஈரத் துண்டு, சீயக்காய், மிளகாய் பஜ்ஜி, தலைக்குத் தேய்க்கிற மூலிகை எண்ணெய் என்று குற்றாலத்துச் சீசனுக்கே உரிய வாசனைகளையெல்லாம் அமுக்கிக்கொண்டு, நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் அந்த வாடைதான் ஐந்தருவிப் பக்கம் நின்றது. சினிமாக்காரர்கள் வந்திறங்கி, ஜெனரேட்டர் வண்டியை எங்கள் கடைக்கு நேர் எதிரே நிறுத்திவிட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு அங்கே சீசன் கடை. துண்டு, சோப்பு, சீயக்காய்ப் பொட்டலம், பிளாஸ்டிக் பந்து. பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் நானும், தென்காசியில் எங்கள் தெருவிலேயே இருந்த ரஹ்மத்தும் அப்பாவோடு பஸ் ஏறிக் கடைக்குப் போய்விடுவோம். பந்து விற்கிறோம் என்று பேர், பெரும்பாலும் அவற்றை வைத்து விளையாடிக்கொண்டிருப்போம்.

சினிமா பார்த்து வளர்ந்தவர்கள் சினிமா எடுப்பதைப் பார்க்கக் கூடாது. அந்த ஒரு வாரத்தில் என்னுடைய மரியாதை அத்தனையும் போய்விட்டது. கதாநாயகன் என்று ஒருவர் இருந்தார். மழையிலும் கறுப்புக் கண்ணாடி. அருவியில் குளிக்கிற காட்சி அவருக்கு. ஊரெல்லாம் ரயிலேறி வந்து, வரிசையில் நின்று, பல் கிடுகிடுக்க அந்தத் தண்ணீருக்கடியில் தலையைக் கொடுக்கிறது. இவருக்கோ தடிமன் பிடித்து மூக்கு ஒழுகுமாம். அருவி கொட்டுகிற ஊரில் அண்டா வைத்து வெந்நீர் போட்டு, மேலே ஒரு ஆளை நிறுத்தி வாளி வாளியாக ஊற்றினார்கள். அதற்கும் “சூடு பத்தல” என்று கத்தினார். எங்கள் அப்பா துண்டை மடித்துக்கொண்டே, “இவனுக்கு அருவி எதுக்குலே, லாட்ஜு பாத்ரூம் போதாதா?” என்றார். அந்தப் படத்தைப் பற்றி இதுவரை எழுதப்பட்ட விமரிசனங்களில் இதைவிடச் சிறந்ததை நான் படித்ததில்லை.

கதாநாயகனாவது பரவாயில்லை. அந்தப் படத்தின் குழந்தை நட்சத்திரம் இருந்ததே! பேருக்கு முன்னால் “பேபி” என்று போட்டுக்கொள்ளும். எங்கள் வயதுதான் இருக்கும். சென்னையிலிருந்து அம்மாவும் ஒரு பெரிய சூட்கேசும் கூடவே வந்திருந்தார்கள். ஆக்‌ஷன் என்றதும் இடுப்பில் கைவைத்து, தாய்மையைப் பற்றியும் தியாகத்தைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசும். நடுவில் சரியான இடத்தில் கண்ணை உருட்டும். கண்ணுக்குள் கிளிசரின் விட்டால் தண்ணீர் ஒரு கோடாக இறங்கும். கட் என்றதும் அம்மாவைப் பார்த்து, “எந்தக் கண்ணுல மொதல்ல வந்துச்சு?” என்று கேட்கும். டைரக்டர் கை தட்டுவார், கூட்டமும் கை தட்டும். ஒரு குழந்தை பெரிய மனுஷி மாதிரிப் பேசினால் அதை நடிப்பு என்று நம்புகிற முட்டாள்தனம் அன்றைக்கே எனக்கு எரிச்சலாக இருந்தது. இன்றைக்கு டிவியில் மூன்று வயதுப் பிள்ளைக்குக் கோட்டு மாட்டி வசனம் பேசவிட்டு, நடுவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்க்கும்போதும் அதே எரிச்சல்தான். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களைக் கொஞ்சுகிற பெரியவர்களைத்தான் எனக்குக் கண்டாலே ஆகாது.

இத்தனை பேருக்கு நடுவில் ஒரே ஒரு மனுஷன் வேலை செய்துகொண்டிருந்தார். படத்தில் அவருக்கு அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் வேஷம். ஐம்பது வயதிருக்கும், ஒல்லி, கறுப்பு, முன்பல் ஒன்று கொஞ்சம் தூக்கல். சினிமாக்காரர்கள் யாரும் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. “யோவ், எண்ணெ” என்பார்கள். நாங்கள் “எண்ணெய் அண்ணாச்சி” என்று வைத்துக்கொண்டோம். ஷூட்டிங் இல்லாத நேரத்தில் அவர் நாற்காலி தேடிப் போக மாட்டார். நிஜமாக எண்ணெய் தேய்க்கிறவர்கள் இருக்கிற பக்கம் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, அவர்கள் தலையில் தட்டுவதையும் கையை உதறுவதையும் பார்ப்பார். எங்கள் கடைக்கு வந்து டீ குடித்தபடி, “இங்கன, அங்கன, போறாவ, வாராவ” என்று எங்கள் பேச்சை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். ரஹ்மத்து சிரித்தால் கோபப்படாமல், “எங்க தப்பு?” என்று கேட்பார்.

இந்த இடத்தில் ரஹ்மத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய வாப்பா சவுதியில் இருந்தார். தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அங்கேதான். ஆனால் மற்ற வீடுகளுக்குக் கடிதம் வரும், பேசி அனுப்பிய கேசட் வரும், பெருநாளைக்குத் துணி வரும். ரஹ்மத்து வீட்டுக்குப் பல மாதங்களாக ஒன்றும் வரவில்லை. ஜெயிலில் இருக்கிறார் என்று ஒரு பேச்சு. அங்கேயே இன்னொரு கல்யாணம் என்று இன்னொரு பேச்சு. இரண்டையும் ரஹ்மத்தின் காது கேட்கவே பேசினார்கள். பிள்ளைகளுக்குப் புரியாது என்று நினைப்பதில் எங்கள் தெருவுக்கு ஈடு இணை கிடையாது. அவள் உம்மா தறியை விட்டு எழுந்திருக்கவே மாட்டார். ரஹ்மத்து அதைப் பற்றி என்னிடம்கூட வாய் திறந்ததில்லை.

ஷூட்டிங்கின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை பாறையில் உட்கார்ந்திருக்கிறது; எண்ணெய்க்காரர் வந்து விசாரிக்கிறார்; உடனே தாயைப் பற்றி ஒரு பக்கம் வசனம். அன்றைக்குப் பார்த்து பேபிக்குச் சாரல் ஒத்துக்கொள்ளாமல் தும்மல் வந்துவிட்டது. அம்மாக்காரி, “என் பொண்ணு நனைய மாட்டா” என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லாட்ஜுக்குப் போய்விட்டாள். டைரக்டர் யார் யாரையோ திட்டிவிட்டு, கடைசியில் எங்கள் கடைப் பக்கம் திரும்பினார். அதே உயரம், அதே முடி என்று ரஹ்மத்தைப் பிடித்தார்கள். தூரத்திலிருந்து எடுப்பதுதான், முகம் தெரியாது, பேபியின் முகத்தைப் பிறகு சென்னையில் எடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அப்பா தயங்கினார். ரஹ்மத்து அதற்குள் பேபிக்கென்று நனைத்து வைத்திருந்த கவுனை மாட்டிக்கொண்டு பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். “பேசக் கூடாது, அவர் என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டு” என்பதுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த நடிப்பு.

எண்ணெய் அண்ணாச்சி வந்தார். எழுதிக்கொடுத்த வசனத்தைப் பேசவில்லை. பாறைக்குக் கீழே, அவள் முகத்துக்கு நேராகக் குத்தவைத்து, எங்கள் பேச்சிலேயே மெதுவாகக் கேட்டார்.

“ஏட்டி, ஒனக்கு யாரு வேணும்?”

ரஹ்மத்து தலையை ஆட்டவில்லை. “வாப்பா” என்றாள்.

“எங்கன இருக்காவ?”

அவள் அருவியைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்தாள். “தெரியல” என்று உதடு அசைந்தது. அழவில்லை. எத்தனையோ மாதமாக யாரும் நேராகக் கேட்காத ஒன்றை ஒருவர் கேட்டுவிட்டார், பதில் சொல்லியாகிவிட்டது, இனி என்ன செய்வது என்று தெரியாத முகம் அது. அண்ணாச்சி ஆறுதல் சொல்லவில்லை, கண்ணைக் கசக்கவில்லை. அவள் நனைந்த தலையைத் துவட்டக் கையை நீட்டியவர், கையில் எண்ணெய் இருப்பது தெரிந்து நிறுத்தி, லுங்கியில் நன்றாகத் துடைத்துவிட்டு, அதற்கப்புறம்தான் தொட்டார். இன்றுவரை திரையில் நான் பார்த்த நடிப்புகளில் அந்தக் கையைத் துடைத்ததற்குப் பக்கத்தில் வைக்க வேறொன்று கிடைக்கவில்லை.

“டயலாக் எங்கய்யா?” என்று டைரக்டர் அலறினார். கேமராமேன் மட்டும், “இருக்கட்டும் சார், நான் பக்கத்துலயே எடுத்துட்டேன்” என்றார். லாரிகள் கிளம்ப வேண்டிய நேரம். இரண்டாவது தடவை எடுக்கவில்லை.

ஊர் சும்மா விடுமா? விஷயம் ராத்திரிக்குள் தெருவுக்கு வந்தது. ரஹ்மத்தின் தாய்மாமா ஒருவர். அவ்வளவு மாதமும் தங்கை வீட்டு வாசலை மிதிக்காதவர், அன்றைக்கு வந்து நின்றுகொண்டு, “புருசன் இல்லாத வீட்டுல பொட்டப்புள்ளய சினிமால ஆடவிட்டுட்டா” என்று தெரு கேட்கக் கத்தினார். ரஹ்மத்து கடைக்கு வருவது அதோடு நின்றது. எங்கள் அப்பாவும் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

படம் வந்தபோது அவளை அனுப்பவில்லை. நான் போனேன், தென்காசித் தியேட்டரில் அம்மாவோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்து. கதாநாயகன் வெந்நீரில் குளித்ததற்கு விசில் பறந்தது. பேபி தியாகத்தைப் பற்றிப் பேசியது. பேபிக்கு வேறு படத்தில் வேலை இருந்ததோ என்னவோ, சென்னையில் முகத்தை எடுத்துச் சேர்க்கவே இல்லை. நனைந்த முடி பாதி மறைத்த அந்தப் பக்கவாட்டு முகம் ரஹ்மத்துடையதேதான். ஆனால் குரல் அவளுடையது இல்லை. மூக்கால் பேசுகிற ஒரு பெரிய பொம்பளையைப் பிடித்துக் குழந்தைக் குரலில் பேசவைத்திருந்தார்கள். “யாரு வேணும்?” என்றதற்கு அந்தக் குரல், “டாடி!” என்று கீச்சிட்டது. “எங்கன இருக்காவ?” என்பதற்கு, “சாமிகிட்ட போயிட்டாரு!” அண்ணாச்சியின் திருநெல்வேலிப் பேச்சையும் கழுவித் துடைத்து யாரோ ஒருவருடைய கனத்த குரலைப் போட்டுவிட்டார்கள்.

எங்கள் ஊர் ஆட்கள் அன்றைக்கு ஏமாறவில்லை. விசிலடித்துக்கொண்டிருந்த தரை டிக்கெட்டுக் கூட்டம் அடங்கிப்போயிற்று. எனக்குப் பின்னால் ஒரு பெண், “டாடியுமில்ல, சாமியுமில்ல. அந்தப் புள்ள வாப்பான்னுலா சொல்லுது” என்றாள். குரலைத்தான் மாற்ற முடிந்தது அவர்களால்.

பத்திரிகைகள் பேபியைப் பாராட்டின. அருவிக்கரைக் காட்சியில் பேபி கண்களைக் குளமாக்கிவிட்டதாக ஒன்று எழுதியது. முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுதுகிறவர்களுக்குப் பேர் விமரிசகர். எண்ணெய் அண்ணாச்சியை, “மற்றும் பலர்” என்ற இரண்டு வார்த்தைக்குள் அடக்கம் செய்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததுதான் நம்ப முடியாதது. எங்கள் தெரு முனை மருந்துக்கடைக்கு ஒருநாள் சவுதியிலிருந்து போன் வந்தது. உம்மாவும் ரஹ்மத்தும் ஓட, பின்னாலேயே நானும் ஓடினேன். அவள் வாப்பாதான். ஸலாம்கூடச் சொல்லாமல் கத்தினார். போனுக்கு வெளியே எங்களுக்கே கேட்டது. “யாரைக் கேட்டு எம்மவளைப் படத்துல நடிக்க விட்ட?” உம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார், சிரித்தார், மறுபடி அழுதார். கத்துகிறவர் உயிரோடு இருக்கிறாரே!

வேலை கொடுத்தவனோடு சண்டை போட்டு வெளியேறி, பாஸ்போர்ட்டும் கையில் இல்லாமல், ஊருக்கு முகம் காட்ட வெட்கப்பட்டு எங்கோ ஒளிந்து வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை அறையில் பத்துப் பேர் சேர்ந்து வீடியோ கேசட் எடுத்துப் பார்த்ததில் இந்தப் படம் மாட்டியிருக்கிறது. “டாடிங்குது, உங்க மவ இல்லப்பா” என்று மற்றவர்கள் சொன்னார்களாம். அவர் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டு, “இல்ல, வாப்பாங்குதா” என்றாராம். அடுத்த வருடம் தூதரகத்தில் காகிதம் வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பையோடு திரும்பி வந்துவிட்டார். தெரு அந்தப் பையின் அளவைத்தான் பேசியது. தாய்மாமா மறுபடி வாசலை மிதிக்கவில்லை. அவர்கள் புளியங்குடிக்குக் குடிபோனார்கள். வாப்பா எலுமிச்சை மண்டியில் வேலைக்குச் சேர்ந்தார்.

இப்போது அந்தத் தியேட்டர் கல்யாண மண்டபம். சினிமாக்காரர்கள் குற்றாலத்தை விட்டுவிட்டு அருவியைக் கம்ப்யூட்டரிலேயே கொட்டவைக்கிறார்கள். கதாநாயகர்களுக்கு இனித் தடிமன் பயம் கிடையாது. போனது போகட்டும், எனக்கு அதில் வருத்தமில்லை. எதிரில் இருப்பவர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிற நடிகர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள் என்பதுதான் வருத்தம். இன்றைய படங்களில் யாரும் யாரையும் கேட்பதில்லை. அடுத்தவன் எப்போது முடிப்பான் என்று காத்திருந்து தன் வசனத்தைப் பேசுகிறார்கள்.

போன மாதம் எண்ணெய் அண்ணாச்சி இறந்துபோனார். டிவியில் கீழே ஓடிய எழுத்தில்தான் அவருடைய பேரே எனக்குத் தெரிந்தது. ஏதோ ஒரு படத்தில் அந்தக் கதாநாயகனுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்ற காட்சியைத் திருப்பித் திருப்பிக் காட்டினார்கள். கதாநாயகன் வந்து, “என் வளர்ச்சியைப் பார்த்து மகிழ்ந்தவர்” என்று தன்னைப் பற்றியே இரங்கல் தெரிவித்தார். யூடியூபில் எங்கள் படத்தைத் தேடினேன். கிடைத்த பிரதியில் பாட்டுக்கு வழிவிட அருவிக்கரைக் காட்சியை வெட்டியிருந்தார்கள். கீழே ஆட்கள் வந்து பேபியைப் புகழ்ந்திருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் ரஹ்மத்து புளியங்குடியிலிருந்து பேசினாள். பேரப்பிள்ளை எடுத்துவிட்டாள், குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. படத்தைத் தேடியதையும் வெட்டியிருப்பதையும் சொன்னேன். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

“அது கெடக்கு, விடுட்டி. வாப்பா இன்னிக்கு லுஹர் தொழுதுட்டு அந்த அண்ணாச்சிக்காவ துஆ கேட்டாவ. பேரு என்னன்னு எங்கிட்ட கேட்டாவ, எனக்கும் சட்டுனு வரல. பரவால்ல, அல்லாவுக்குத் தெரியும்னுட்டு, ‘எம்மவகிட்ட என்னையப் பத்திக் கேட்ட மனுசன்’னு சொல்லிக் கேட்டாவட்டி.”